“அந்தக் கரண்டுக்கு மீட்டர் உண்டா?”

நாமக்கல்லிலிருந்து சேந்தமங்கலம் வழியாக வரும் பஸ், காரவள்ளியில் சற்று நேரம் மூச்சு வாங்குகிறது. அதற்கு அப்பால் சமதரை கிடையாது. கொல்லிமலைக்கு ஏறும் பாதை இங்கேதான் ஆரம்பம். 70 கொண்டை ஊசி வளைவுகள்! முதல் வளைவைத் தொடுவதற்கு முன்பே, ஜன்னல் ஓரத்தில் இடம் பிடித்தவர்கள் எலுமிச்சம்பழத்தைக் கையில் எடுத்து வைத்துக் கொள்கிறார்கள்.

அடிவாரத்தில் வனத்துறையின் சோதனைச் சாவடி இருக்கிறது. மலைக்கு ஏறும் வண்டியும் இறங்கும் வண்டியும் அதன் கண்ணில் படாமல் போக முடியாது. சாவடியின் வேலை வண்டியை மறித்து வைத்துக் கொள்வதல்ல. எது போகிறது, எத்தனை போகிறது என்று பார்த்துக் கணக்கு வைத்துக் கொண்டு அனுப்பிவிடுவதுதான்.

பஸ் கிளம்புவதற்காக டீக்கடை பெஞ்சில் காத்திருந்தபோது பக்கத்தில் ஒரு பெரியவர் வந்து உட்கார்ந்தார். மலைமேல் மிளகும் பலாவும் உள்ள சிறு காடு அவருக்கு இருக்கிறதாம். நான் பத்திரிகைக்காரன் என்று தெரிந்ததும் மெதுவாகப் பேச்சுக் கொடுத்தார்.

“பேத்திக்குத் தலையிலே கட்டிங்க, தம்பி. ஆபரேசன் ஆயிருச்சு. இனிக் கரண்டு வெக்கோணும்னு டாக்டர் சொல்றாரு. மெட்ராசிலே புதுசா ஒரு மிசின் இருக்குதாம், அதுலே வெச்சா நல்லதுன்னும் சொல்றாரு. எனக்கு ஒண்ணுதான் புரியலீங்க. ஊட்டுக்கு வர்ற கரண்டுக்கு மீட்டர் வெச்சிருக்கான். அந்தக் கரண்டுக்கு மீட்டர் உண்டுங்களா? புள்ளை தலைக்குள்ளே அளவுக்கு மேலே போயிருச்சுன்னா ஆருக்குத் தெரியும்?”

எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. அதற்குள் கண்டக்டர் விசில் கொடுத்துவிட்டார். பஸ் ஏறிவிட்டோம், கூட்டத்தில் அவர் முன்னால், நான் பின்னால். ஆனால் அந்தக் கேள்வி மட்டும் என்னோடு 70 வளைவுகளும் ஏறி வந்தது. திரும்பி வந்து புத்தகங்களைப் புரட்டியபோதுதான், விஞ்ஞானிகள் பல ஆண்டுகளாக மண்டையை உடைத்துக் கொண்ட விஷயத்தையே அந்தப் பெரியவர் ஒரு டம்ளர் டீயோடு கேட்டுவிட்டார் என்று தெரிந்தது.

கரண்டு அல்ல, கதிர்

புற்றுநோய்க்குக் கதிர்ச் சிகிச்சை செய்வதைத்தான் நம் ஜனங்கள் ‘கரண்டு வைப்பது’ என்கிறார்கள். உண்மையில் நோயாளியின் உடம்பில் யாரும் மின்சாரம் பாய்ச்சுவதில்லை. பெரும்பாலான ஆஸ்பத்திரிகளில் பயன்படுவது எக்ஸ்ரே இனத்தைச் சேர்ந்த, ஆனால் அதைவிட மிகுந்த சக்தியுள்ள கதிர். அது நோய் கண்ட அணுக்களைச் சிதைத்து, அவை மேலும் பெருகாமல் தடுக்கிறது.

ஆனால், பெரியவருக்குச் சொல்லப்பட்ட சென்னை யந்திரம் வேறு வகை. அதில் பாய்வது புரோட்டான். ஹைட்ரஜன் அணுவிலிருந்து அதன் ஒரே எலெக்ட்ரானைப் பிரித்துவிட்டால் மிஞ்சும் கருதான் புரோட்டான். மின்னூட்டம் பெற்ற இத்தகைய அணுக்களுக்கு அயனிகள் என்று பெயர். நேர் மின்னூட்டமுள்ள கோடிக்கணக்கான துகள்கள் வரிசையாக ஓடினால் அதுவும் ஒரு மின்னோட்டம்தானே? ஆகவே, ‘கரண்டு’ என்று பெரியவர் சொன்னது மற்றச் சிகிச்சைகளுக்குப் பொருந்தாவிட்டாலும் இதற்குப் பொருந்தித்தான் போகிறது!

ஓரியின் அம்பும் நிற்கத் தெரிந்த அம்பும்

கொல்லிமலைக்கு வந்துவிட்டு வல்வில் ஓரியை நினைக்காமல் இருக்க முடியுமா? யானையைத் துளைத்து, புலியைத் துளைத்து, மானையும் பன்றியையும் துளைத்து, கடைசியில் புற்றிலிருந்த உடும்பில் போய்த் தைத்தது அவனுடைய ஒரே அம்பு என்று வன்பரணர் புறநானூற்றில் பாடியிருக்கிறார். வேட்டைக்கு அது பெருமை. வைத்தியத்துக்கோ அதுவே சங்கடம்.

எக்ஸ்ரே, ஓரியின் அம்பைப் போன்றது. தோலுக்குச் சற்று உள்ளே அதன் தாக்கம் அதிகம். போகப் போகக் குறையும். ஆனாலும் கட்டியைத் தாண்டி மறுபுறம் வரை போகும். வழியில் உள்ள நல்ல உறுப்புகளும் தங்கள் பங்கைப் பெற்றே தீரவேண்டும். பல திசைகளிலிருந்து கதிரைப் பாய்ச்சி, கட்டியில் மட்டும் அளவு கூடும்படி இதைச் சமாளிக்கிறார்கள்.

புரோட்டான் நிற்கத் தெரிந்த அம்பு. உடம்புக்குள் ஓடும்போது சிறிது சிறிதாகச் சக்தியை இழந்து, முடிவில் நிற்கப்போகும் இடத்தில் மிச்சத்தையெல்லாம் கொட்டிவிடுகிறது. அதற்கு அப்பால் அநேகமாக ஒன்றுமில்லை.

இது ஏன்? நம் ஊர் டவுன் பஸ்ஸையே பாருங்கள். வேகமாகப் போகும்போது ஓடி வந்து தொற்றிக் கொள்கிறவர்கள் ஓரிருவர்தாம். வேகம் குறையக் குறைய, ஸ்டாண்டை நெருங்க நெருங்க, கூட்டம் முண்டியடிக்கிறது. புரோட்டானும் அப்படித்தான். வேகமாக ஓடும்போது வழியிலுள்ள எலெக்ட்ரான்களோடு அதற்கு ஊடாட்டம் குறைவு, மெதுவாகும்போது அதிகம். அதனால்தான் கடைசி சில மில்லிமீட்டர்களில் அத்தனை தாக்குதலும் குவிகிறது. ஆஸ்திரேலியாவிலுள்ள அடிலெய்டு நகரில் 1903-04-ல், ரேடியத்திலிருந்து வரும் ஆல்பாக் கதிர்களை ஆராய்ந்த வில்லியம் ஹென்றி பிராக் இதைக் கண்டுபிடித்தார். இன்றும் அந்த உச்சிக்கு ‘பிராக் முகடு’ என்றே பெயர்.

எத்தனை ஆழத்தில் நிற்பது என்பதை ஆரம்ப சக்தியே தீர்மானிக்கிறது. 70 மில்லியன் எலெக்ட்ரான் வோல்ட் சக்தியுள்ள புரோட்டான் தண்ணீரில் 4 சென்டிமீட்டர் ஆழம் போகும். 150 மில்லியன் என்றால் சுமார் 16 சென்டிமீட்டர். 230 மில்லியன் என்றால் சுமார் 33 சென்டிமீட்டர். நம் உடம்பின் சதையும் பெரும்பாலும் தண்ணீரைப் போன்றதே. ஆகவே கட்டி எத்தனை ஆழத்தில் இருக்கிறது என்று தெரிந்தால், அதற்கேற்ற சக்தியைத் தேர்ந்து கொள்ளலாம்.

ஒரு கட்டுரையிலிருந்து தரமணி வரை

இதை வைத்தியத்துக்குப் பயன்படுத்தலாம் என்று முதலில் எழுதியவர் ராபர்ட் வில்சன் என்ற அமெரிக்கர். யுத்த காலத்தில் அணுகுண்டுத் திட்டத்தில் வேலை செய்தவர். யுத்தம் முடிந்த மறு ஆண்டே, 1946-ல், வேகமான புரோட்டான்களைச் சிகிச்சைக்குப் பயன்படுத்துவது பற்றிக் கட்டுரை வெளியிட்டார். 1954-ல் கலிபோர்னியாவிலுள்ள பெர்க்லியில் முதன் முதலாக நோயாளிக்குப் புரோட்டான் சிகிச்சை செய்யப்பட்டது. நமது அடையாறில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் புற்றுநோய் ஆஸ்பத்திரி உருவானதும் அதே 1954-ல்தான்.

நெடுங்காலம் இந்தச் சிகிச்சை பௌதிக ஆராய்ச்சிக்கூடங்களிலேயே நடந்து வந்தது. ஆஸ்பத்திரிக்கென்றே அமைந்த யந்திரம், அமெரிக்காவின் லோமா லிண்டாவில் 1990-ல்தான் வேலை தொடங்கியது. ஜப்பானின் சீபா நகரில் 1994-ல் புரோட்டானைவிடக் கனமான கார்பன் அயனிகளைக் கொண்டு சிகிச்சை ஆரம்பமாயிற்று.

இந்தியாவுக்கு இது வந்தது 2019 ஜனவரியில். வந்து இறங்கிய இடம் நம் சென்னை, தரமணி. அப்போலோ நிறுவனத்தாரின் புரோட்டான் மையம் அங்கே திறக்கப்பட்டது. பெல்ஜியத்தில் செய்த, சுமார் 220 டன் எடையுள்ள சைக்ளோட்ரான் யந்திரம் புரோட்டான்களைச் சுழற்றிச் சுழற்றி வேகமேற்றி அனுப்புகிறது. வெளியே வரும்போது அவற்றின் வேகம் விநாடிக்குச் சுமார் 1,80,000 கிலோமீட்டர்! அடுத்து 2023-ல் டாட்டா நினைவு மையத்தைச் சேர்ந்த நவி மும்பை கார்கர் நிலையத்திலும் புரோட்டான் சிகிச்சை தொடங்கியது.

அளக்க வேண்டும், நிறுத்தக் கூடாது

இப்போது பெரியவரின் கேள்விக்கு வருவோம்.

சிகிச்சை அறைக்கு வரும் புரோட்டான் ஓட்டம் ஏறக்குறைய ஒரு நானோ ஆம்பியர் அளவில் இருக்கும். நம் வீட்டில் எரியும் 10 வாட் எல்.இ.டி. பல்பில் ஓடும் மின்னோட்டத்தில், நாலு கோடியில் ஒரு பங்கு! ஆனாலும் எண்ணிக்கையில் பார்த்தால் அந்தச் சொற்ப ஓட்டத்திலேயே விநாடிக்கு 624 கோடி புரோட்டான்கள் போகின்றன. வீட்டு மீட்டர் இதைக் கண்டு அசையக்கூட அசையாது.

சரி, ஓர் உலோகக் குடத்தை வைத்து அத்தனை புரோட்டான்களையும் அதில் பிடித்து அளந்துவிட்டால் என்ன? அளக்கலாம், அப்படி ஒரு கருவியும் இருக்கிறது. ஆனால் எல்லாம் குடத்திலேயே நின்றுவிட்டால் நோயாளிக்கு எது போய்ச் சேரும்? இங்கேதான் காரவள்ளிச் சாவடி உதவிக்கு வருகிறது. போகிற வண்டியை நிறுத்தி வைக்கக் கூடாது. ஆனால் கணக்கில் விட்டுவிடவும் கூடாது.

அந்தச் சாவடிக்கு ‘அயனி அறை’ என்று பெயர். உலோகப் பூச்சுள்ள மெல்லிய தாள்கள் இரண்டு. இடையே சில மில்லிமீட்டர் காற்று. தாள்களுக்கு இடையே சில நூறு வோல்ட் மின்னழுத்தம். அவ்வளவுதான் கருவி. புரோட்டான் இந்தக் காற்றைக் கடக்கும்போது வழியிலுள்ள காற்றணுக்களிலிருந்து எலெக்ட்ரான்களைத் தட்டிவிடுகிறது. ஒரு சென்டிமீட்டர் காற்றைக் கடந்தால் சுமார் 200 ஜோடி அயனிகள் பிறக்கின்றன. நேர் மின்னூட்டம் ஒரு தாளுக்கும், எதிர் மின்னூட்டம் மறு தாளுக்கும் ஓடிப் போய்ச் சேர, கருவி அதைக் கூட்டிக் கொண்டே வருகிறது. புரோட்டான் ஒன்று போனால் இருநூறு சாட்சிகள்! இதற்காக அது கொடுக்கும் சுங்கமோ, தன் சக்தியில் இருபதினாயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு.

தாள்களில் ஒன்றை மெல்லிய கோடு கோடாகப் பிரித்துவிட்டால், எந்தக் கோட்டில் மின்னூட்டம் அதிகம் சேர்கிறது என்பதைக் கொண்டு கதிர் எந்த இடத்தின் வழியே போகிறது என்றும் தெரிந்து கொள்ளலாம். இது மிக முக்கியம். ஏனென்றால் இக்காலச் சிகிச்சையில் கட்டி முழுவதையும் ஒரேயடியாகத் தாக்குவதில்லை. காந்தங்களால் கதிரை அங்குமிங்கும் திருப்பி, கோலம் போடுகிறவர்கள் புள்ளி வைப்பதுபோல் புள்ளி புள்ளியாக, அடுக்கு அடுக்காகக் கட்டியை நிரப்புகிறார்கள். ஒவ்வொரு புள்ளிக்கும் இத்தனை என்று முன்கூட்டியே கணக்குப் போட்டிருக்கும். அந்த அளவு சேர்ந்ததும் அடுத்த புள்ளி. கதிர் இடம் தவறினாலும், அளவு மீறப் பார்த்தாலும், யந்திரம் தானாகவே நின்றுவிடும். நாம் கண் இமைத்து முடிப்பதற்கு வெகு முன்பே அது நடந்து முடிந்துவிடும்.

ஒரு மீட்டர் கெட்டுப் போனால்? அதனால்தான் ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு அயனி அறைகள் வைத்திருக்கிறார்கள். ஒன்றின் கணக்குக்கும் மற்றதற்கும் சம்பந்தமில்லை. தனித்தனி மின்சாரம், தனித்தனிக் கணக்கு. முதலாவது சொன்னபடி நிற்காவிட்டால் இரண்டாவது நிறுத்தும். இரண்டும் ஒத்துப் போகாவிட்டாலும் சிகிச்சை நிற்கும்.

மலை ஏறினால் மீட்டர் குறையும்!

இந்த அயனி அறையில் ஒரு வேடிக்கை உண்டு. உள்ளே இருப்பது வெளிக்காற்றோடு கலந்த காற்று. காற்று நெருக்கமாக இருந்தால் சாட்சிகள் அதிகம். அடர்த்தி குறைந்தால் சாட்சிகளும் குறைவு. சென்னையில் வைத்துப் பார்த்த அதே அறையைக் கொல்லிமலையில் 1,200 மீட்டர் உயரத்துக்குக் கொண்டு போனால், வெப்பம் ஒரே அளவாக இருக்கும் பட்சத்தில், அது சுமார் எட்டில் ஒரு பங்கு குறைத்துக் காட்டும். அதே கதிர்தான், மீட்டர் மட்டும் குறைத்துச் சொல்லும். அந்தச் சொல்லை நம்பிக் கதிரைக் கூட்டினால் ஆபத்து. மலைமேல் சோறு வேகத் தாமதமாவதும் இதே காற்றழுத்தக் குறைவினால்தான்.

மலைக்குப் போக வேண்டாம். சென்னையிலேயே புயல் சின்னம் உருவாகும் நாளில் காற்றழுத்தம் இறங்குகிறது. ஆகவே, வெளிக்காற்றோடு கலந்த அறையை வைத்து அளக்கும் ஒவ்வொரு தடவையும் வெப்பமானியையும் அழுத்தமானியையும் பார்த்துக் கணக்கைத் திருத்தியாக வேண்டும். காலையில் முதல் நோயாளி வருவதற்கு முன்பே மருத்துவ பௌதிக நிபுணர்கள் வந்து, நோயாளிக்குப் பதிலாகத் தண்ணீர்த் தொட்டியையோ பிளாஸ்டிக் பாளங்களையோ வைத்துக் கதிரைப் பாய்ச்சி, சரியான ஆழத்தில் நிற்கிறதா, சரியான அளவு சேர்கிறதா என்று சோதித்து எழுதுகிறார்கள். அவர்கள் கையிலுள்ள அளவுக் கருவியையும் சும்மா நம்பிவிட முடியாது. கடைக்காரர் எடைக்கல்லுக்கு முத்திரை இருப்பது போல, இந்தக் கருவிகளுக்கும் மூல அளவோடு ஒப்பிட்டுப் பார்த்த சான்று வேண்டும். நம் நாட்டில் அந்த மூல அளவைக் காத்து வருவது டிராம்பேயிலுள்ள பாபா அணு ஆராய்ச்சி நிலையம்.

மீட்டர் பொய் சொல்லவில்லை

இவ்வளவு சந்தேகம் தேவைதானா என்று கேட்கலாம். ஸ்பெயின் நாட்டின் சராகோசா நகரில் நடந்ததைக் கேட்டால் அப்படிக் கேட்கத் தோன்றாது.

1990 டிசம்பரில் அங்கே ஓர் ஆஸ்பத்திரியில் கதிர் யந்திரம் பழுதாயிற்று. அது புரோட்டான் யந்திரம் அல்ல, எலெக்ட்ரான் யந்திரம். பழுது பார்த்த பிறகு, எந்தச் சக்தியைத் தேர்ந்தெடுத்தாலும் மேஜைமேல் இருந்த முள் 36 மில்லியன் எலெக்ட்ரான் வோல்ட் என்றே காட்டியது. ‘முள் சிக்கிக் கொண்டிருக்கிறது’ என்று நினைத்து வேலையைத் தொடர்ந்தார்கள். முள் சிக்கவில்லை. உண்மையைத்தான் சொல்லிக் கொண்டிருந்தது! பத்து நாட்களில் 27 நோயாளிகள் அளவு மீறிய கதிரைப் பெற்றார்கள். அவர்களில் பலர் அதனாலேயே மாண்டு போனார்கள்.

மீட்டர் இருந்தால் மட்டும் போதாது; மீட்டர் பேசும்போது அதைக் கேட்கிற மனிதரும் வேண்டும். பேத்தியின் தலையைப் பற்றிக் கவலைப்பட்ட அந்தப் பெரியவரின் சந்தேகம் அறியாமையால் வந்தது என்று யாரும் சிரித்துவிட வேண்டாம்.

ஒவ்வொன்றாக எண்ணும் வேலை

இன்னொரு புதிரும் இருக்கிறது. கதிர் எத்தனை போயிற்று என்பது தெரிந்துவிட்டது. ஆனால் அது உடம்புக்குள் சரியான இடத்தில்தான் நின்றதா?

கட்டியின் ஆழத்தை எக்ஸ்ரே ஸ்கேன் படத்திலிருந்து கணக்கிடுகிறார்கள். எலும்பும் சதையும் எக்ஸ்ரேயை மறிக்கும் விதம் வேறு. புரோட்டானை மறிக்கும் விதம் வேறு. ஒன்றிலிருந்து மற்றதைக் கணக்குப் போடும்போது நூற்றுக்கு மூன்று பங்கு வரை தவறு நேரலாம். பத்து சென்டிமீட்டர் ஆழத்தில் அது மூன்று மில்லிமீட்டர். மூளைத் தண்டுக்குப் பக்கத்தில் மூன்று மில்லிமீட்டர் என்பது சின்ன விஷயமா?

‘அப்படியானால் புரோட்டானைக் கொண்டே படம் எடுத்துவிடலாமே’ என்று 1963-லேயே சொன்னவர் ஆலன் கார்மக். ஸ்கேன் யந்திரத்துக்கு வழிகாட்டிய கணிதத்துக்காக 1979-ல் ஹவுன்ஸ்ஃபீல்டோடு நோபல் பரிசைப் பகிர்ந்து கொண்டவர் அவர்தான். புரோட்டான்களை உடம்புக்குள் நிற்காமல் ஊடுருவிப் போகும் வேகத்தில் அனுப்பி, வெளியே வரும்போது எவ்வளவு சக்தி மிச்சமிருக்கிறது என்று பார்த்தால், வழியில் என்ன இருந்தது என்று கண்டு கொள்ளலாம். அடிவாரத்தில் காரவள்ளியிலும் மலை உச்சியில் சோளக்காட்டிலும் இரண்டு சாவடிகள் வைத்து, ஒரு லாரி எவ்வளவு டீசலோடு ஏறிற்று, எவ்வளவு மிச்சத்தோடு போய்ச் சேர்ந்தது என்று குறித்தால், இடையில் பாதை எப்படி என்று சொல்லிவிடலாம் அல்லவா? அதே யுக்திதான்.

ஆனால் படம் எடுப்பதற்காக நோயாளிக்கு அதிகக் கதிரைக் கொடுக்க முடியாது. மேலும், கூட்டமாக வந்தால் எந்தப் புரோட்டான் எங்கே நுழைந்தது, எங்கே வெளியேறியது என்று அடையாளம் தெரியாது. ஆகவே ஓட்டத்தைச் சிகிச்சை அளவிலிருந்து ஆயிரக்கணக்கான மடங்கு குறைத்து, விநாடிக்குப் பத்து லட்சம் என்கிற அளவுக்குக் கொண்டு வருகிறார்கள். அத்தனை மெல்லிய ஓட்டத்தில் அயனி அறையின் குரல், கருவியின் சொந்த இரைச்சலிலேயே அமுங்கிப் போகும். அங்கே கூட்டி அளப்பது நடவாது. ஒவ்வொன்றாக எண்ணியாக வேண்டும். புரோட்டான் பட்டதும் மின்மினிபோல் ஒளிவிடும் பிளாஸ்டிக் இழைகளும், மெல்லிய சிலிக்கன் தகடுகளும் அந்த வேலையைச் செய்கின்றன. இந்தப் படமெடுக்கும் முறை இன்னும் பெரும்பாலும் ஆராய்ச்சிக்கூடங்களில்தான் இருக்கிறது. 230 மில்லியன் வோல்ட் புரோட்டான் 33 சென்டிமீட்டர்தான் போகும் என்பதால், தலையை ஊடுருவ முடியும். பருமனான ஒருவரின் இடுப்பை ஊடுருவ முடியாது என்ற குறையும் உண்டு.

பெரியவருக்குச் சில வார்த்தை

அன்று செம்மேட்டில் பஸ் நின்றபோது பெரியவர் கூட்டத்தில் கலந்து போய்விட்டார். பெயரைக் கூட நான் கேட்டுக் கொள்ளவில்லை. ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகை காரவள்ளி டீக்கடைக்கும் போகிறது. யாராவது அவருக்குப் படித்துக் காட்டுவார்கள் என்ற நம்பிக்கையில் இதைச் சொல்கிறேன்.

ஐயா, அந்தக் கரண்டுக்கு மீட்டர் உண்டு. ஒன்றல்ல, இரண்டு உண்டு. தினமும் காலையில் அதைச் சோதிக்க ஆட்களும் உண்டு.

ஆனால் டாக்டரிடம் நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி வேறு. ‘என் பேத்திக்கு இந்தச் சிகிச்சைதான் வேண்டுமா, சாதாரணக் கதிர்ச் சிகிச்சையே போதுமா?’ என்று கேளுங்கள். எல்லாப் புற்றுநோய்க்கும் புரோட்டான் தேவையில்லை. பெரும்பாலோருக்கு மற்றச் சிகிச்சையே நல்ல பலன் தருகிறது. வளர்கிற குழந்தைகளுக்கும், கண் நரம்பு, மூளைத் தண்டு போன்ற நுட்பமான இடங்களை ஒட்டி வரும் கட்டிகளுக்கும்தான் நிற்கத் தெரிந்த இந்த அம்பு மிகவும் உதவுகிறது. செலவோ பல லட்சம். மிளகுக் கொடியை நம்பி வாழ்கிறவருக்கு அது 70 வளைவுகளைவிடப் பெரிய ஏற்றம். எந்த உதவிக்கு எங்கே மனுப் போடலாம் என்பதையும் அதே டாக்டரிடம், ஆஸ்பத்திரியின் சமூகநலப் பணியாளரிடம் கூச்சமில்லாமல் கேளுங்கள்.

இன்னொன்று. ஆஸ்பத்திரியில் அந்த யந்திரத்தைப் பார்க்கும்போது, டீக்கடையில் என்னைக் கேட்டதை அங்கேயும் ஒருமுறை கேளுங்கள். ‘இதுக்கு மீட்டர் எங்கே இருக்குதுங்க? இன்னிக்குக் காலையிலே பார்த்தீங்களா?’ என்று. அங்குள்ள நிபுணர் கோபித்துக் கொள்ள மாட்டார். அன்று காலை எழுதிய கணக்கு நோட்டை எடுத்துக் காட்டுவார்.